கலக்கத்தின் பொருள்: ரோலோ மேயின் வாழ்வும் சிந்தனையும்

1. முன்னுரை

கவலைப்படாதிருக்கும்படி ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்ததையும், அதனையே பவுல் அடிகளார் பிலிப்பியருக்கு வலியுறுத்தியதையும் நாம் எத்தனை முறை பிரசங்கித்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. நோயாளியின் கட்டிலருகிலும், துக்க வீட்டிலும், வேலையிழந்தவரின் திண்ணையிலும் போதகரின் நாவில் முதலில் வந்து நிற்பவை இவ்வசனங்களே. இவற்றைக் கேட்டவருடைய கலக்கம் தீர்ந்ததா, அல்லது 'விசுவாசியாயிருந்தும் கலங்குகிறேனே' என்ற குற்றவுணர்வும் அக்கலக்கத்தோடு சேர்ந்துகொண்டதா என்பதை நாம் அரிதாகவே கேட்டறிகிறோம்.

இக்கேள்வியை ஆராய்வதற்கு அமெரிக்க உளவியலாளர் ரோலோ மேயின் (1909-1994) வரலாறு பெரிதும் துணைசெய்யும். அவர் இறையியல் கல்லூரியில் பயின்று, சபைப் போதகராகப் பணியாற்றி, பின்னர் உளமருத்துவரானவர். 'கலக்கத்தின் பொருள்' என்று நாம் பெயர்த்துக் கூறத்தக்க அவருடைய நூல் 1950-ல் வெளிவந்தது. 1977-ல் திருத்திய பதிப்பும் வந்தது. அந்நூலுக்குப் பின்னே நூலகத்துப் படிப்பும் உண்டு. காசநோய்க் கட்டிலில் கழிந்த ஏறக்குறைய ஒன்றரை ஆண்டும் உண்டு. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, மேய்ப்புப் பணிக்கு அது கற்பிக்கும் பாடம் ஒன்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். ஜெர்மானியர் 'ஆங்ஸ்ட்' என்றும் ஆங்கிலேயர் 'ஆங்சைட்டி' என்றும் கூறுவதற்குத் தமிழில் கவலை, பதைப்பு, ஏக்கம், பதற்றம் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. நாம் 'கலக்கம்' என்ற சொல்லையே கையாளுகிறோம். அச்சத்திற்குப் பொருள் ஒன்று உண்டு: பாம்பைக் கண்டு அஞ்சுகிறோம், விலகி நின்றால் அச்சம் தீர்கிறது. கலக்கத்திற்கு அவ்வாறு விலகி நிற்க இடமில்லை. குளத்து நீர் கலங்கும்போது அடிமுதல் மேல்வரை கலங்குவதுபோல, கலங்குகின்ற மனிதன் முழுவதுமாகவே கலங்குகிறான்.

2. தெசலோனிக்கேயிலிருந்து நியூயார்க் வரை

ரோலோ மே ஒஹையோ மாநிலத்தில் 1909-ல் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் ஊழியர். பணியின் பொருட்டுக் குடும்பம் அடிக்கடி ஊர் மாறியது. பெற்றோரிடையே ஒற்றுமையில்லை, பின்னாளில் மணமுறிவும் ஏற்பட்டது. சகோதரி ஒருவர் மனநோய்க்கு ஆளானார். கலக்கத்தைப்பற்றிப் பின்னர் எழுதப்போகிறவர், அதனைத் தம் வீட்டுக்குள்ளேயே கண்டு வளர்ந்தார் எனலாம்.

1930-ல் ஓபர்லின் கல்லூரியில் பட்டம் பெற்றதும் அவர் கிரேக்க நாட்டுக்குச் சென்று, அமெரிக்க மிஷனெரிமார் நிறுவிய அனத்தோலியாக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். அக்கல்லூரி இருந்த நகரம் தெசலோனிக்கே; பவுல் அடிகளார் இரு நிருபங்கள் எழுதிய அதே நகரம். அயல்நாட்டுத் தனிமையை வெல்லுவதற்கு அவர் கண்ட வழி வேலை செய்வது ஒன்றே. தனிமை மிகுந்தபோதெல்லாம் மேலும் உழைத்தார். உழைப்பு மிகுந்தும் பலன் குறைந்துகொண்டே வந்தது. 1932-ம் ஆண்டளவில் உடலும் உள்ளமும் சோர்ந்து படுக்கையில் விழுந்தார். அதுவரை தாம் கைக்கொண்டிருந்த கடமை, ஒழுங்கு, கடின உழைப்பு ஆகிய கொள்கைகள் தம்மைத் தாங்கவில்லை என்பதை அப்போது உணர்ந்ததாகவும், மலைச்சரிவொன்றில் பூத்துக் கிடந்த செந்நிறக் கசகசாப் பூக்களின் நடுவே நின்றபோது தம் உள்ளத்தின் குரலுக்கு நெடுங்காலம் செவிகொடாதிருந்ததை அறிந்ததாகவும் அவர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். அவ்வாண்டின் கோடையில் வியன்னாவுக்கருகில் அல்பிரட் அட்லர் நடத்திய வகுப்புகளில் கலந்துகொண்டார்.

1933-ல் தாயகம் திரும்பிய மே, நியூயார்க்கில் உள்ள யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். போதகராகும் விருப்பத்தைவிட, மனித வாழ்வின் அடிப்படைக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்ற விருப்பமே அவரை அங்கே கொண்டுசென்றது. அதே ஆண்டில், இட்லரின் ஆட்சியால் பிராங்பர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட பால் டில்லிக்கும் அக்கல்லூரிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். நாடும் மொழியும் இழந்து, நாற்பத்தேழாம் வயதில் ஆங்கிலம் பயின்றுகொண்டே இறையியல் போதித்த அவ்வாசிரியருக்கும், சோர்விலிருந்து மீண்டு வந்த அம்மாணவருக்கும் இடையே தோன்றிய நட்பு, டில்லிக் 1965-ல் மறையும்வரை நீடித்தது. கீர்க்ககார்டின் எழுத்துகளுக்குள் மேயை அழைத்துச் சென்றதும் இந்நட்பே.

குடும்பச் சிக்கலின் காரணமாக இடையில் படிப்பை நிறுத்தி மிச்சிகனுக்குச் சென்ற மே, திரும்பி வந்து 1938-ல் இறையியல் பட்டம் பெற்றார். பின்னர் நியூ ஜெர்சி மாநிலத்தில் வெரோனா என்னும் ஊரில் காங்கிரிகேஷனல் சபையொன்றின் போதகரானார். ஆற்றுப்படுத்தும் கலையைப்பற்றி 1939-ல் ஒரு நூலும் வெளியிட்டார். ஆயினும் அப்பணியில் அவர் நீடித்தது ஏறக்குறைய இரண்டாண்டுகளே. மனிதரின் துன்பத்தை இன்னும் ஆழமாக அறியவேண்டும் என்று எண்ணி, உளப்பகுப்பாய்வுப் பயிற்சியிலும் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார்.

3. சாரனாக் ஏரிக்கரையில்

ஆராய்ச்சி முடிவதற்குள், 1940-களின் முற்பகுதியில், அவரைக் காசநோய் பற்றியது. நியூயார்க் மாநிலத்தின் வடபகுதி மலைகளில் சாரனாக் ஏரி என்னும் ஊர் உண்டு. தாமே காசநோயாளியாயிருந்த எட்வர்ட் டுரூடோ என்னும் மருத்துவர் 1880-களில் அங்கே காசநோய் மனை ஒன்றை நிறுவியதிலிருந்து அவ்வூர் புகழ்பெற்றது. மேயும் அங்கே அனுப்பப்பட்டார். ஸ்ட்ரெப்டோமைசின் நோயாளியின் கைக்கு எட்டாத காலம் அது. ஓய்வு, உணவு, குளிர்ந்த காற்று ஆகியவையே மருந்து. மாதந்தோறும் நுரையீரலை ஊடுகதிர்ப்படம் எடுப்பார்கள். உள்ளேயிருக்கும் குழி சிறுத்திருக்கிறதா, பெருத்திருக்கிறதா என்று அறிய நோயாளி காத்திருப்பார். பிழைப்போமா, மாட்டோமா என்பது எவருக்கும் தெரியாது.

முதலில் மே மருத்துவர் சொற்படி அமைதியாகக் கிடந்தார். தம் உடலை மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டோம், இனி அது அவர்கள் பாடு என்றிருந்தார். நோயோ குறையவில்லை. இதற்கிடையே உடனிருந்த நோயாளிகளைக் கவனித்தார். தமக்கு நோயே இல்லாததுபோல் எப்போதும் சிரித்துப் பேசியவர்களும், எல்லாவற்றிற்கும் தலைவணங்கிச் சும்மா கிடந்தவர்களும் பெரும்பாலும் தேறவில்லை. நோயின் கொடுமையை ஒப்புக்கொண்டு, அதனோடு போராடத் துணிந்தவர்களே தேறினார்கள் என்று அவருக்குத் தோன்றியது. இது மருத்துவப் புள்ளிவிவரம் ஆகாது. ஒரு நோயாளியின் கண்ணோட்டமே. ஆயினும் அது அவருடைய போக்கை மாற்றியது. இந்நோய் என்னுடையது, இதற்கு நானும் பொறுப்பாளி என்று அவர் எண்ணத் தலைப்பட்டார்.

அக்கட்டிலில் அவர் படித்தவற்றுள் இரண்டு நூல்கள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, பிராய்ட் 1926-ல் வெளியிட்ட கலக்கம் பற்றிய நூல். அடக்கப்பட்ட பாலுணர்வே கலக்கமாக மாறுகிறது என்று முன்னர் கூறியிருந்த பிராய்ட், இந்நூலில் அக்கருத்தைத் திருத்தி, வரவிருக்கும் ஆபத்தை அறிவிக்கும் அடையாள மணியே கலக்கம் என்று விளக்கினார். மற்றொன்று, டேனிஷ் சிந்தனையாளர் கீர்க்ககார்ட் 1844-ல் புனைபெயரில் வெளியிட்ட நூல். ஏதேன் தோட்டத்து ஆதாமைப் பொருளாகக் கொண்ட அந்நூல், 'உண்ணலாகாது' என்ற கட்டளையைக் கேட்டதும் ஆதாமின் உள்ளத்தில் 'உண்ணவும் இயலும்' என்ற உணர்வு விழித்தது என்றும், இயலும் என்ற அவ்வுணர்வே கலக்கத்தின் ஊற்று என்றும் கூறுகிறது. மலை விளிம்பில் நிற்பவனுக்குத் தலைசுற்றுவதுபோல, தன் சுதந்திரத்தின் ஆழத்தை எட்டிப்பார்க்கும் மனிதனுக்கும் தலை சுற்றுகிறது.

இரண்டையும் ஒப்பிட்ட மே கண்ட வேறுபாடு இது: பிராய்ட் கலக்கத்தைப்பற்றி அறிந்தவர்; கீர்க்ககார்ட் கலக்கத்தையே அறிந்தவர். முன்னவரிடம் கலக்கம் இயங்கும் முறை தெளிவாயிற்று. பின்னவரிடமோ, ஊடுகதிர்ப்படத்தின் முடிவுக்காகக் காத்துக்கிடந்த தம்மையே அவர் கண்டார்.

4. இயல்பான கலக்கமும் நோயுற்ற கலக்கமும்

நலம்பெற்றுத் திரும்பிய மே, 1949-ல் கொலம்பியாவில் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாராய்ச்சியே மறு ஆண்டு நூலாயிற்று. மனிதன் தன் வாழ்வுக்கு இன்றியமையாதது என்று பற்றிக்கொண்டிருக்கும் ஒரு மதிப்புக்கு இடையூறு நேரும்போது எழுவது கலக்கம் என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். அம்மதிப்பு உயிராகவோ, நற்பெயராகவோ, ஒருவருடைய அன்பாகவோ, தெய்வ நம்பிக்கையாகவோ இருக்கலாம். ஆகவே ஒருவர் எதைக்குறித்துக் கலங்குகிறார் என்று அறிந்தால், அவர் எதனைப் பற்றி வாழ்கிறார் என்பதையும் அறியலாம். மேய்ப்பருக்கு இது பயனுள்ள குறிப்பாகும்.

மே கலக்கத்தை இருவகையாகப் பிரித்தார். இடையூற்றின் அளவுக்கு ஏற்றதாய், மனத்துக்குள் அமிழ்த்தி மறைக்கப்படாததாய், நேர்நின்று எதிர்கொள்ளத்தக்கதாய் இருப்பது இயல்பான கலக்கம். இடையூற்றின் அளவை மீறி, உள்ளே அமிழ்த்தப்பட்டு, மனிதனின் செயலையும் உறவையும் சுருக்கிவிடுவது நோயுற்ற கலக்கம். எதிர்கொள்ளாமல் தவிர்க்கப்படும் இயல்பான கலக்கமே பெரும்பாலும் நோயுற்ற கலக்கமாக முற்றுகிறது. ஆதலால் கலக்கத்தை அறவே ஒழிப்பது அவர் நோக்கமன்று. நோயுற்ற கலக்கத்தைக் குறைத்து, இயல்பான கலக்கத்தோடு நடக்க மனிதனுக்குத் துணிவூட்டுவதே ஆற்றுப்படுத்துவோரின் பணி என்றார்.

5. பதின்மூன்று பெண்கள்

அந்நூலின் தனிச்சிறப்பு, நியூயார்க்கில் மணமாகாது கருவுற்ற பெண்களுக்கான காப்பகம் ஒன்றில் பதின்மூன்று பெண்களைப்பற்றி அவர் செய்த ஆய்வாகும். இளமையில் தாயால் புறக்கணிக்கப்பட்டவர்களுக்கு நோயுற்ற கலக்கம் மிகுதியாயிருக்கும் என்ற கருத்தோடு அவர் தொடங்கினார். நடுத்தரக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களிடம் அது மெய்யாயிற்று. ஆனால் அதே அளவுக்கு, சிலர் அதனினும் கொடிதாக, புறக்கணிக்கப்பட்ட வேறு சில பெண்களிடம் நோயுற்ற கலக்கம் காணப்படவில்லை. இம்முரண்பாடு அவரை நெடுநாள் வருத்தியது. ஒருநாள் தெருவில் நடந்து செல்லும்போது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது: கருத்துக்கு ஒத்துவராத அப்பெண்கள் யாவரும் உழைக்கும் ஏழை வகுப்பினர்.

அவ்வீடுகளில் புறக்கணிப்பு வெளிப்படையாயிருந்தது. தாய் தன்னை விரும்பவில்லை என்பதை மகள் அறிந்திருந்தாள். அன்பை வேறிடத்தில், தோழியரிடமோ உடன்பிறந்தாரிடமோ, தேடிக்கொண்டாள். நடுத்தர வீடுகளிலோ புறக்கணிப்பின்மேல் அன்பு என்ற போர்வை விரிக்கப்பட்டிருந்தது. 'உன் நன்மைக்காகவே செய்கிறோம்' என்று சொல்லி வளர்க்கப்பட்ட மகள், உள்ளே உணர்ந்ததற்கும் வெளியே கேட்டதற்கும் இடையே அகப்பட்டுக்கொண்டாள். இல்லாத அன்பை எதிர்பார்க்கவும் வேண்டும்; அது கிடைக்கவில்லை என்று சொல்லவும் கூடாது. ஆகவே புறக்கணிப்பைவிட, அதனை மூடிய பொய்யே கலக்கத்தை விளைவித்தது என்று மே முடிவுகட்டினார்.

இப்பகுதியைப் படிக்கும்தோறும் நம் ஊழியத்தின் தொடக்க நாட்களில் நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. சபை மூப்பர் ஒருவர் தீராத நோயினால் மருத்துவமனையில் இருந்தார். நோய் இன்னதென்று அவருக்குத் தெரியலாகாது என்று வீட்டார் தீர்மானித்தார்கள்; நம்மையும் கேட்டுக்கொண்டார்கள். நாமும் இணங்கினோம். ஒவ்வொரு வாரமும் முகமலர்ச்சியோடு சென்று, வேதம் வாசித்து, விரைவில் ஆலயத்துக்கு வருவீர்கள் என்று சொல்லி ஜெபித்துத் திரும்பினோம். அவர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். அடக்க ஆராதனைக்குச் சில நாட்கள் கழித்து அவருடைய மனைவியார் நம்மிடம் சொன்னார்: "ஐயா, ராத்திரி முழுவதும் தூங்கமாட்டார்கள். எல்லாரும் என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள், ஐயாவும் சிரித்துக்கொண்டேதான் போகிறார், நான் யாரிடம் கேட்பது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஐயா." அவர் கோபத்தோடு சொல்லவில்லை. அதனாலேயே அச்சொல் இன்றும் நம்மை விட்டு நீங்கவில்லை. மரணத்தைக் குறித்த அவருடைய கலக்கம் இயல்பானது. அதற்குமேல் தனிமையையும் சந்தேகத்தையும் சுமத்தியவர்களுள் நாமும் ஒருவர்.

6. அன்றாட நடத்தையில் கலக்கம்

கலக்கம் நோயாளியிடத்தில் மட்டும் காணப்படுவதன்று. 1953-ல் வெளிவந்த, மனிதன் தன்னைத் தேடுவது பற்றிய நூலில் மே அன்றாட வாழ்வின் சிறு செயல்களையும் ஆராய்ந்தார். விருந்துக்கு அழைப்பு வரவில்லையே என்று வருந்துகிறவர் பெரும்பாலும் விருந்தை விரும்புவதில்லை; தாம் தனித்துவிடப்படவில்லை என்பதற்கு அழைப்பு ஒரு சான்று. இருவர் சந்தித்தால் இடைவிடாது பேசுவதும், பேச்சு நின்றால் கூச்சப்படுவதும், மௌனத்தில் தம் வெறுமை வெளிப்பட்டுவிடும் என்பதனாலேயே. போட்டியில் வென்றால்தான் மதிப்பு என்று கற்பிக்கும் சமுதாயத்தில் அயலான் எப்போதும் போட்டியாளனாகிறான். போட்டி தனிமையை வளர்க்கிறது. தனிமை கலக்கத்தை மிகுவிக்கிறது. கலக்கம் தணிய மீண்டும் போட்டியில் இறங்குகிறான். இச்சுழலை மே 1950-ம் ஆண்டு நூலிலேயே விளக்கியிருந்தார்.

1969-ல் வெளியான, அன்பும் சித்தமும் பற்றிய நூலில் ஒரு படி மேலே சென்றார். அன்புக்கு மறுதலை பகை என்று நாம் எண்ணுகிறோம்; உண்மையில் அதற்கு மறுதலை அசட்டை என்றார். கலக்கத்தைத் தாங்கமாட்டாத உள்ளம், இனி எதுவும் நம்மைத் தொடவேண்டாம் என்று கதவடைத்துக்கொள்வதே அசட்டை.

இவற்றைப் போதகரின் வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். கமிட்டிக் கூட்டங்கள், கட்டட நிதி, பண்டிகைகள், வீடு சந்திப்புகள் என்று ஓய்வின்றி ஓடுகிறோம். இவ்வோட்டத்தில் எவ்வளவு ஊழியம், எவ்வளவு தெசலோனிக்கேயில் மே செய்த வேலையைப் போன்றது? தனியே அமர்ந்து ஜெபிக்க அரைமணி நேரம் கிடைத்தாலும் அதனைத் தாங்கமாட்டாமல் அடுத்த வேலையைத் தேடுகின்ற போதகர், தம் சபையாரின் மௌனத்தை எவ்வாறு தாங்குவார்?

7. மதிப்பீடு

மேயின் கருத்துகளுக்கு எல்லை உண்டு. பதின்மூன்று பேரைக்கொண்டு, அதுவும் ஒரே காப்பகத்தில், எல்லா மனிதருக்கும் உரிய விதியை வகுக்க இயலாது. மேலும், இயல்பானது, நோயுற்றது என்ற பிரிவினை தாளில் தெளிவாயிருப்பதுபோல் மனிதரிடத்தில் இருப்பதில்லை. 1955-ல் மில்டவுன், 1960-ல் லிப்ரியம், 1963-ல் வேலியம் என அமைதியூட்டும் மாத்திரைகள் அமெரிக்காவில் அடுத்தடுத்துப் பரவியபோது, வாழ்வின் கலக்கம் அனைத்தையும் மாத்திரையால் அகற்ற முற்படுவதை மே ஏற்கவில்லை. அவ்வெச்சரிக்கை நியாயமானதே. ஆயினும் மருந்தும் மருத்துவரும் தேவைப்படும் கலக்க நோய்கள் உண்டு. அத்தகையோரை ஜெபம் போதும் என்று வீட்டில் நிறுத்திவைப்பது விசுவாசமாகாது. உரிய மருத்துவரிடம் அனுப்புவதும் ஆற்றுப்படுத்தலின் ஒரு பகுதியே.

இறையியல் நோக்கில் அவருடைய ஆசிரியர்களையும் உடன்வைத்துப் படிப்பது நலம். யூனியன் கல்லூரியில் போதித்த ரைன்கோல்ட் நீபூர், 1939-ல் எடின்பரோவில் தொடங்கிய கிப்போர்ட் சொற்பொழிவுகளில், கலக்கம் பாவமன்று, பாவம் பிறக்கும் களம் என்று விளக்கினார். சிருஷ்டியாயும் சுதந்திரமுள்ளவனாயும் இருக்கும் மனிதன் கலங்காதிருக்க முடியாது. அக்கலக்கத்தைத் தீர்க்கத் தன்னையே தெய்வமாக்கிக்கொள்ளும்போது பாவம் பிறக்கிறது. அதே இடத்தில் நம்பிக்கையும் பிறக்கலாம். டில்லிக் 1952-ல் வெளியிட்ட துணிவு பற்றிய நூலில், ஊழும் மரணமும், வெறுமையும் பொருளின்மையும், குற்றமும் ஆக்கினையும் என மூவகைக் கலக்கங்களைக் கூறி, இவை மனித இருப்போடு பிறந்தவையாதலால் எந்த மருத்துவமும் இவற்றை நீக்காது என்றார். மே பிற்காலத்தில் துணிவைப்பற்றி மிகுதியாக எழுதினார். அத்துணிவு எங்கிருந்து வருகிறது என்பதைப்பற்றிக் குறைவாகவே எழுதினார். போதகர் பேசவேண்டிய இடம் அதுவேயாகும்.

8. முடிவுரை

மீண்டும் நம் வசனங்களுக்கு வருவோம். கவலைப்படாதிருக்கும்படி மலைப்பொழிவிலும் பிலிப்பியர் நான்காம் அதிகாரத்திலும் கூறுமிடத்துக் கிரேக்கத்தில் நிற்கும் வினைச்சொல் 'மெரிம்னாவோ'. அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தீமோத்தேயு பிலிப்பியர்மேல் உண்மையான கரிசனையுள்ளவன் என்று பாராட்டுமிடத்தும் அதே வினைச்சொல் நிற்கிறது. கொரிந்தியருக்கு எழுதும்போது, எல்லாச் சபைகளையும் குறித்துத் தம்மை நாள்தோறும் அழுத்துகிற பாரத்தைப் பவுல் அதன் பெயர்ச்சொல்லாலேயே குறிக்கிறார். ஆகவே கவலைப்படாதே என்று எழுதிய கை, கவலையை அறியாத கையன்று. கெத்செமனேயில் ஆண்டவரும் தம் வியாகுலத்தைச் சீஷரிடம் மறைக்கவில்லை. தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். ஜெபித்துவிட்டு அவர் திரும்பி வந்தபோது அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கலங்குகிறவருக்கு நாம் முதலில் அளிக்கவேண்டியது அந்த விழிப்பே. அவர் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்க இடம்கொடுத்து, தெரிந்ததை அன்போடு சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அதன்பின் வசனத்தைத் திறப்போமாக. அவ்வாறு திறக்கப்படும் வசனம், கலக்கத்தை மூடும் போர்வையாக இராது. மருத்துவமனைக்குச் செல்ல ஆயத்தமாகும் இளம் ஊழியருக்கு, அந்த மூப்பரின் கட்டிலருகே நாம் கற்றுக்கொள்ளத் தவறியதைச் சொல்லிவைப்பது நம் கடன்.